முகலாயப் படைக்குச் சோறு போட்டது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஞ்சிக் கோட்டையைச் சுற்றிக் காட்டும்போதும் வரலாற்று வகுப்புகளிலும் என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் வாளைப் பற்றியதோ பீரங்கியைப் பற்றியதோ அல்ல. "இத்தனை பேரும் என்ன சாப்பிட்டார்கள்?" என்பதுதான் கேட்பவர்களுக்கு உண்மையான வியப்பு. அப்படிக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டு முகலாயர்களைப் பற்றியது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பதால் மேலிருந்து படிப்பது நல்லது.

படை கிளம்பினால் எல்லோருக்கும் அரசாங்கமே சமைத்துப் போட்டுவிடும் அல்லவா?

இல்லை. பாதிஷாவின், அதாவது பேரரசரின், சமையற்கூடம் பாதிஷாவுக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும்தான். சிப்பாய்க்குச் சம்பளம் உண்டு, சாப்பாடு கிடையாது. அவன் மன்சப்தாரின் ஆள்; மன்சப்தார் என்பவர் படை வைத்துக்கொள்ளும் பதவி பெற்ற அதிகாரி. மன்சப்தாருக்கு வருமானம் ஜாகீரிலிருந்தோ (வரி வசூலித்துக்கொள்ள ஒதுக்கப்பட்ட நிலம்) கருவூலத்திலிருந்தோ வரும், அதிலிருந்து சிப்பாய்க்குக் கூலி. அந்தக் கூலியை எடுத்துக்கொண்டு பாளையம் எனப்படும் படைமுகாமின் கடைவீதிக்குப் போய் அரிசி, பருப்பு, நெய், விறகு வாங்கி அவனேதான் உலை வைக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து மேலே உருக்கிய நெய் விட்ட கிச்சடிதான் சாப்பாடு.

ஆகவே முகலாயப் படையோடு உணவுக் கிடங்கு போகவில்லை, சந்தை போனது. நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கோயம்பேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தானியம் வேண்டியிருக்கும்? யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா?

நாமே போடலாம். ஒரு லட்சம் பேரும் ஐம்பதாயிரம் குதிரைகளும் உள்ள பாளையம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு கிலோ என்றால் 100 டன். குதிரைக்கு நான்கு கிலோ கடலையோ கொள்ளோ என்றால் 200 டன். மொத்தம் நாளொன்றுக்கு 300 டன். பொதிமாடு ஒன்று ஏறக்குறைய 120 கிலோ சுமக்கும். அப்படியானால் தினமும் 2,500 மாடுகள் சுமை இறக்க வேண்டும்.

1632இல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேய வணிகர் வட இந்தியச் சாலை ஒன்றில் 14,000 மாடுகள் கொண்ட ஒரு கூட்டத்தை எதிர்கொண்டார். எல்லா மாடுகளின் முதுகிலும் கோதுமை, அரிசி முதலிய தானியங்கள். பார்த்தவர் மலைத்துப்போய் எழுதிவைத்தார். மேலே சொன்ன பாளையத்துக்கு அந்த 14,000 மாட்டுச் சுமை ஆறு நாளைக்குக்கூடப் போதாது.

இன்னொரு திருகலும் இருக்கிறது. சுமை மாடு ஒரு நாளில் நடப்பது பத்து கிலோமீட்டர்தான். தானியம் கிடைக்கும் இடம் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக இருபது நாள், வர இருபது நாள். சுமை தடையில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டுமென்றால் சாலையில் எந்த நேரமும் ஒரு லட்சம் மாடுகள் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

வண்டியில் ஏற்றியிருக்கலாமே? ஏன் மாட்டின் முதுகில்?

சமவெளியில் வண்டிகளும் போயின. ஆனால் தக்காணத்துக் கணவாய்களிலும் கரிசல் மண்ணிலும் மழைக்குப் பின் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். குறுகலான இடத்தில் எதிரெதிரே வந்த கூட்டங்கள் இரண்டு மூன்று நாள் காத்துக் கிடந்ததுண்டு.

ஒட்டகம் மாட்டைவிட அதிகம் சுமக்கும், கிடைத்ததைத் தின்னும். ராஜஸ்தான் மணலில் அதற்கு இணை இல்லை. ஆனால் சேற்றில் வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் எழாது. மாடோ போகிற வழியில் மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும், தான் சுமக்கும் தானியத்தைத் தின்பதில்லை. குதிரையோ யானையோ சுமந்தால் சுமையில் ஒரு பங்கு அதன் வயிற்றுக்கே போய்விடும். மெதுவாக நடந்தாலும் மாடு வென்றது இதனால்தான்.

இந்த மாடுகளெல்லாம் யாருடையவை? பஞ்சாரா என்கிறார்களே, நம் ஊர் லம்பாடிகளா அவர்கள்?

ஆம், அதே மக்கள்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்று இருக்கும் லம்பாடிகளின் முன்னோர் இந்தச் சுமைமாட்டு வணிகத்தில் இருந்தவர்கள். தாண்டா என்று அவர்கள் தங்கள் கூட்டத்தைச் சொல்வார்கள். ஆண், பெண், குழந்தை, நாய், மாடு எல்லாம் சேர்ந்ததே தாண்டா. வீடு என்று தனியாக ஒன்று கிடையாது. நாயக் என்ற தலைவர் பேரம் பேசுவார். சில கூட்டங்கள் தானியம் மட்டும், சில அரிசி மட்டும், சில பருப்பு, சில உப்பு என்று பிரித்துக்கொண்டு ஏற்றியதாகத் தவர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் பதிந்திருக்கிறார்.

பஞ்சாராக்களிடையே ஒரு பழங்கதை உண்டு. ஷாஜகானின் தக்காணப் படையெடுப்பின்போது அவருடைய அமைச்சர் ஆசப் கான் தங்கள் தலைவர்களான பங்கி, ஜங்கி இருவருக்கும் ஒரு செப்புப் பட்டயம் கொடுத்தார் என்பார்கள். பானையில் இருக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம், கூரையில் இருக்கும் புல்லை மாட்டுக்குப் பிடுங்கலாம், நாளுக்கு மூன்று கொலை வரை மன்னிப்பு, ஆசப்பின் குதிரைகள் எங்கேயோ அங்கே பங்கி ஜங்கியின் மாடுகள். பட்டயத்தின் வாசகம் அப்படியே உண்மையா என்பது இருக்கட்டும். படைக்கு அவர்கள் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. வழியிலிருந்த ஊர்க்காரன் அந்தப் பட்டயத்தை எப்படிப் பார்த்திருப்பான் என்பது வேறு விஷயம்.

இரண்டு பக்கத்துக்கும் தானியம் விற்றார்களாமே? அது துரோகமில்லையா?

அவர்கள் யாருடைய சிப்பாயும் அல்ல. விலை எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே போவார்கள். அவர்களைத் தொடாமல் விடுவது போரிடும் இரு தரப்புக்கும் நல்லது, இன்று எதிரிக்குக் கொண்டுபோகிறவன் நாளை நமக்குக் கொண்டுவருவான். ஒருமுறை தாண்டாவைக் கொள்ளையடித்தால் அடுத்த தாண்டா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. எந்தத் தளபதியும் அறிந்த கணக்கு இது. இருந்தும் பட்டினி வந்தால் இந்த நாகரிகமெல்லாம் காற்றில் பறந்ததுண்டு.

பாளையத்தில் விலைவாசி எப்படி? வியாபாரிகள் கொள்ளை லாபம் அடித்திருப்பார்களே?

நல்ல நாளில் விலை நாம் நினைப்பதைவிட மலிவு. 1581இல் காபூல் நோக்கிப் போன அக்பரின் பாளையத்தோடு பயணம் செய்த மொன்செராத் என்ற ஏசுசபைப் பாதிரியார், இத்தனை யானைகளும் ஆட்களும் இருந்தும் பண்டங்கள் மலிவாகக் கிடைத்ததைக் கண்டு வியந்தார். காரணத்தையும் அவரே சொல்கிறார். அக்பர் முன்கூட்டியே சுற்றுப்புற ஊர்களுக்கு ஆள் அனுப்பித் தானியம் சேர்த்தார், பாளையத்துக்குக் கொண்டுவந்து விற்பவர்களுக்கு வரி கிடையாது என்று அறிவித்தார். அதிகாரத்தைக் காட்டிப் பிடுங்குவதைவிட வரியைத் தள்ளுபடி செய்வது அதிக மூட்டைகளைக் கொண்டுவரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எடையையும் விலையையும் பார்க்க பாளையத்துக் கொத்தவால் இருந்தார். ஆனால் சரக்கே வராதபோது கொத்தவாலால் என்ன செய்ய முடியும்? வழி மறிக்கப்பட்டது என்ற வதந்தி கிளம்பிய அன்றே மளிகைக்காரன் மூட்டையை உள்ளே தள்ளிவிடுவான். தளபதியின் ஒற்றர்களுக்கு முன்பே கோதுமை விலை செய்தி சொல்லிவிடும்.

குதிரைக்கும் யானைக்கும் புல் எங்கிருந்து வந்தது?

இதுதான் உண்மையான தலைவலி, கேட்பவர்கள் குறைவு. தானியத்தை இருநூறு கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுவரலாம். புல்லைக் கொண்டுவர முடியாது, அத்தனை பருமன். அன்றன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் அறுத்தால்தான் உண்டு.

1660களில் அவுரங்கசீப்பின் பாளையத்தோடு காஷ்மீர் வரை போன பெர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர் புல் சேர்க்கும் ஏழைகளைக் கவனித்திருக்கிறார். கையில் கரண்டி போன்ற ஒரு சிறு கருவியோடு அவர்கள் வயல் வயலாகக் குந்தி, காய்ந்த புல்லை வேரோடு சுரண்டி எடுப்பார்கள். மண் போக அடித்து உதறி, தண்ணீரில் அலசி, கட்டு கட்டிப் பாளையத்தில் விற்பார்கள். சில நாட்களில் அந்தக் கட்டு கேட்ட விலைக்குப் போகும். பேரரசின் குதிரைப்படை முழுவதும் இந்தக் கரண்டிக்காரர்களின் முதுகில்தான் ஓடியது என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டு மூன்று நாளில் சுற்றிலும் புல் தீர்ந்துவிடும். பிறகு புல் வெட்டுகிறவர்கள் தினமும் இன்னும் தூரம் போக வேண்டும், காவலுக்கு வீரர்களும் போக வேண்டும். பாளையம் நகராமல் ஒரே இடத்தில் கிடந்தால், அதாவது முற்றுகையில் இருந்தால், என்ன ஆகும் என்பதை செஞ்சி பற்றிய பதிலில் பாருங்கள்.

சண்டை போடாதவர்கள்தான் பாதிக்கு மேலாமே? அந்தக் கூட்டத்தை ஏன் இழுத்துக்கொண்டு போனார்கள்?

ஆம், பாதிக்கு மேல்தான். 1695இல் கிருஷ்ணா நதிக்கரையில் கல்கலா என்ற இடத்தில் அவுரங்கசீப்பின் பாளையத்தைப் பார்த்த கரேரி என்ற இத்தாலியப் பயணி, அறுபதாயிரம் குதிரைவீரர்கள், ஒரு லட்சம் காலாட்கள், ஐம்பதாயிரம் ஒட்டகங்கள், மூவாயிரம் யானைகள், 250 கடைவீதிகள், எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் உயிர்கள் என்று எழுதினார். கேட்ட எண்களைத்தான் எழுதியிருப்பார், கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்த பின்னும் அது நகரம்தான்.

பாதிஷாவின் கூடாரங்கள் இரட்டைச் செட்டாக இருந்தன. ஒன்றில் அவர் தூங்கும்போது மற்றொன்று அடுத்த ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும். அக்பர் காலத்தில் ஒரு செட்டைத் தூக்க மட்டும் 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமையாட்கள் என்று அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் பசல் கணக்கு வைத்திருக்கிறார். கூடாரம் அடிக்க ஆயிரம் பேர், பெருக்க 150 பேர். இவர்களும் சாப்பிட வேண்டும். ஆனால் இவர்களைக் கழற்றிவிட முடியாது. முதல் பதிலில் சொன்ன சந்தையே இவர்கள்தான். மளிகைக்காரன், வட்டிக்கடைக்காரன், லாடம் கட்டுகிறவன், வண்ணான் இல்லாமல் குதிரைவீரன் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

அதே அக்பர் 1573இல் குஜராத்தில் கலகம் என்று கேட்டதும் மூவாயிரம் பேர் அளவிலான சிறு படையோடு, ஃபதேபூர் சிக்ரியிலிருந்து அகமதாபாத்துக்கு ஒன்பது நாளில் போய்ச் சேர்ந்தார். பெரும் படை வாரக்கணக்கில் நடக்கும் தொலைவு அது. சந்தையை விட்டுவிட்டு ஓட முகலாயர்களால் முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஒருமுறை ஓடலாம், ஒரு போர் நடத்தலாம். வருடக்கணக்கில் நாட்டைப் பிடித்து வைத்திருக்க அந்த வழி உதவாது.

பீரங்கியை எப்படி இழுத்தார்கள்?

மாடுகளைக் கொண்டுதான். சில பீரங்கிகளுக்கு இருபது ஜோடி மாடுகள் பூட்ட வேண்டியிருந்தது. மேடு வந்தால் யானை பின்னாலிருந்து நெற்றியாலும் தும்பிக்கையாலும் சக்கரத்தைத் தள்ளும். அந்த நாற்பது மாடுகளும் தானியம் சுமக்காத நாற்பது மாடுகள் என்பதை மட்டும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் கொடுக்கப் பணம் எப்படி வந்தது? மூட்டை மூட்டையாக வெள்ளியா?

ஒரு பங்கு அப்படித்தான். கருவூல வண்டிகள் காவலோடு வரும். அவுரங்கசீப்பின் கடைசி ஆண்டுகளில் வங்காளத்திலிருந்து அங்கே வருவாய் அதிகாரியாக இருந்த முர்ஷித் குலி கான் ஆண்டுதோறும் அனுப்பிய ஒரு கோடி ரூபாயை நம்பித்தான் தக்காணப் பாளையம் மூச்சு விட்டது. இன்னொரு பங்கு சராபுகள் என்ற பணமாற்று வணிகர்களின் உண்டியல் சீட்டு வழியாக வந்தது. ஆக்ராவில் கட்டினால் புர்ஹான்பூரில் பணம்.

பணம் தாமதமானால் சோறு தாமதமாகும், ஏனென்றால் சிப்பாய் விலைக்கு வாங்குகிறவன். முதலில் கடன் சொல்வான், பிறகு ஆயுதத்தை அடகு வைப்பான், பிறகு குதிரையை விற்பான். குதிரை இல்லாத குதிரைவீரன் மன்சப்தாரின் கணக்கில் மட்டும் இருப்பான். தக்காணப் போரில் ஜாகீர் கிடைக்கக் காத்திருந்த மன்சப்தார்கள் பெருகியபோது நடந்தது இதுதான்.

மழைக்காலத்தில் என்ன செய்வார்கள்?

அறிவுள்ளவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மழை ஓய்ந்து, பயிர் முற்றி, தரை இறுகி, விஜயதசமிக்குப் பின் படை கிளம்புவது பழைய வழக்கம். மராத்தியரும் அப்படியே, எட்டு மாதம் வெளியே, மழைக்கு வீடு.

இதை மீறியவர்கள் பட்டதற்கு இரண்டு எடுத்துக்காட்டு போதும். 1662 மார்ச்சில் அவுரங்கசீப்பின் தளபதி மீர் ஜும்லா அசாமின் அகோம் தலைநகர் கர்காவைப் பிடித்தார். மழை தொடங்கியது. ஆறுகள் பெருகின, காவல்நிலைகள் ஒவ்வொன்றும் தீவாயின, உணவு கொண்டுவந்த படகுப்படை பிரிந்து நின்றது. பிடித்த ஊரில் நெல் இருந்தது, உப்பும் பருப்பும் நெய்யும் இல்லை. உப்பு பொன் விலைக்குப் போனது. நோயும் சேர்ந்துகொள்ள, மறு ஆண்டு தொடக்கத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு திரும்பிய மீர் ஜும்லா டாக்கா போய்ச் சேராமலே இறந்தார்.

இரண்டாவது அவுரங்கசீப்பே. 1700 அக்டோபரில் மான் நதிக்கரையில் கவாஸ்பூர் என்ற இடத்தில் பாளையம் அடித்திருந்தார்கள். வறண்டு கிடந்த ஆற்றுப்படுகையிலும் கூடாரங்கள். ஓர் இரவு மேலே மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கி ஆட்களையும் விலங்குகளையும் அடித்துக்கொண்டு போனது. கூச்சலைக் கேட்டு, மராத்தியர் புகுந்துவிட்டார்கள் என்று எண்ணி எழுந்தோடிய எண்பது வயது கடந்த பாதிஷா இடறி விழுந்து முழங்கால் பிசகினார். அதன் பிறகு சாகும்வரை கொஞ்சம் தாங்கித்தான் நடந்தார். அப்போதும் பாடம் ஏறவில்லை. 1702 மழையில் விஷால்காட் கோட்டையைப் பிடித்துவிட்டுப் பன்ஹாலாவுக்குத் திரும்பிய படை, ஐம்பது கிலோமீட்டர் அளவிலான தொலைவைக் கடக்க ஐந்து வாரத்துக்கு மேல் எடுத்தது.

செஞ்சி முற்றுகை ஏன் எட்டு ஆண்டு இழுத்தது? உள்ளே இருந்தவர்கள் பட்டினி கிடக்கவில்லையா?

கோட்டையைப் பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது. முற்றுகையென்றால் உள்ளே இருப்பவன் பட்டினி, வெளியே இருப்பவன் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பான் என்று நினைக்கிறோம். செஞ்சியில் பல மாதங்கள் தலைகீழ். 1689 நவம்பரில் சிவாஜியின் மகனும் மராத்திய அரசருமான ராஜாராம் செஞ்சிக்கு வந்தார், 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் வந்து முற்றுகையிட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் சேர்த்துச் சுற்றிய கோட்டை அது. சுல்பிகாரிடமிருந்த ஆட்களைக் கொண்டு முழுவதும் வளைக்கவே முடியவில்லை. உள்ளே நாயக்கர் காலக் களஞ்சியங்கள், ஊற்றுகள், குளங்கள். தஞ்சை மராத்திய அரசரின் ஆதரவும் உள்ளே இருந்தவர்களுக்கு உண்டு.

வெளியே இருந்த முகலாயர்களோ ஒரே இடத்தில் கிடந்தார்கள். புல் பற்றி மேலே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1692 டிசம்பரில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேவும் தனாஜி ஜாதவும் பெரும் குதிரைப்படையோடு வந்து இறங்கினார்கள். காஞ்சிபுரத்து முகலாய ஃபௌஜ்தார் (வட்டாரப் படைத்தலைவர்) அலி மர்தான் கான் சிறைப்பட்டார். சாலைகள் அடைபட்டன, தானியம் நின்றது. பாதிஷா இறந்துவிட்டார் என்ற புரளி பாளையத்தில் பரவியது. முற்றுகையில் இருந்த அவுரங்கசீப்பின் மகன் இளவரசர் காம் பக்ஷ் எதிரியோடு இரகசியமாகப் பேசுகிறார் என்று கூறி சொந்தத் தளபதிகளே அவரைக் காவலில் வைத்தார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும், கட்டுப்பாடு முதலில் பறக்கும்.

1693 ஜனவரியில் சுல்பிகார் கான் தானே படையோடு வந்தவாசிக்குப் போய்த் தானியம் ஏற்றிக்கொண்டு திரும்பினார். தேசூர் அருகே சந்தாஜி மறித்தார். முகலாயப் பக்கத்து தல்பத் ராவ் பந்தேலாவின் ஆட்கள் உயிரைக் கொடுத்துப் போராடியதால் கூட்டம் தப்பியது. ஒரு பேரரசின் முற்றுகைத் தளபதி தானிய மூட்டைக்குக் காவலாக நடந்ததை யோசித்துப் பாருங்கள். அந்த மூட்டைகளும் போதவில்லை. மராத்தியரோடு பேசி வழி விடச்செய்து படை முழுவதும் வந்தவாசிக்குப் பின்வாங்கியது. அதற்குப் பிறகு அவர் வந்தவாசியைத் தளமாக்கிக்கொண்டு, தஞ்சையை மிரட்டிக் கப்பம் வாங்கி, சுற்றுப்புறத்தை அடக்கி, கடைசியில்தான் மீண்டும் மலையடிக்கு வந்தார். கோட்டை 1698 தொடக்கத்தில் விழுந்தது, ராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார். சுல்பிகார் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அன்றே பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். அந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் நான் பசியைத்தான் காரணமாகச் சொல்வேன்.

கோட்டைக்குள் இருந்தவர்களே வெளியே இருந்தவர்களுக்குத் தானியம் தர முன்வந்தார்களாமே, கதையா?

கோல்கொண்டா, 1687. காஃபி கான் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்த செய்தி. முற்றுகையிட்ட முகலாயப் பாளையத்தில் அடைமழை, பஞ்சம். கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசன் குதுப் ஷா, பிடிபட்ட முகலாய அதிகாரிகளை அழைத்துத் தன் தானியக் குவியல்களையும் வெடியுப்புக் குவியல்களையும் காட்டினார். முற்றுகையை விலக்கிக்கொண்டால் பணமும், படைக்கு ஐந்தாறு லட்சம் மணங்கு தானியமும் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். இதைவிடக் கூர்மையான அவமானம் ஒரு முற்றுகையாளனுக்குக் கிடையாது.

அவுரங்கசீப் ஏற்கவில்லை. அகழியைத் தூர்க்க மண் நிரப்பும் துணிப்பைகளில் முதல் பையைத் தம் கையாலேயே தைத்துக் கொடுத்தவர் அவர், பின்வாங்குகிற ஆள் அல்ல. செப்டம்பரில் கோட்டை விழுந்தது, பட்டினியால் அல்ல, உள்ளே இருந்த ஒருவர் இரவில் கதவைத் திறந்துவிட்டதால்.

மராத்தியர் மட்டும் காற்றையா குடித்தார்கள்? அவர்களுக்கும் பசிக்கும்தானே?

பசிக்கும். ஆனால் அவர்கள் சந்தையை இழுத்துப் போகவில்லை. சிவாஜியின் படையில் பெண்களைக் கூட்டிவரத் தடை, கூடாரங்கள் குறைவு. சின்ன மட்டக் குதிரை எதையும் மேயும். சோறு எதிரியின் ஊரில், அல்லது எதிரியின் மாட்டு முதுகில். இந்த வித்தையை அவர்களுக்கு முன்பே அகமதுநகரின் மாலிக் அம்பர் செய்து காட்டியிருந்தார். 1624இல் பட்வாடியில் ஏரிக்கரையை உடைத்து எதிரிப் பாளையத்தைச் சேறாக்கி, உணவு வரும் வழியை அடைத்து, போருக்கு முன்பே பாதி வென்றார்.

இதை வீரக்கதையாக மட்டும் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொள்ளையில் வாழும் படை ஓரிடத்தில் அதிகம் தங்க முடியாது. தங்கினால் அந்த இடம் தீர்ந்துவிடும்.

படை போன வழியில் இருந்த ஊர்களின் கதி?

மிதிபட்ட பயிருக்கு ஈடு கொடுக்கும் வழக்கம் முகலாயர்களிடம் இருந்தது. வயல்களுக்குக் காவல் போட்டு, படை கடந்தபின் சேதத்தை மதிப்பிட்டு, நிலவரியில் கழித்துக்கொள்வார்கள். அக்பர் இதில் கண்டிப்பு. ஆனால் காவலாளி எத்தனை வயலுக்கு நிற்பான்?

நல்ல விலை கொடுக்கும் படையும் ஊருக்கு ஆபத்துதான். 1630-32இல் குஜராத்திலும் தக்காணத்திலும் கொடும் பஞ்சம். அதே ஆண்டுகளில் ஷாஜகான் தக்காணப் போருக்காகப் புர்ஹான்பூரில் பெரும் படையோடு தங்கியிருந்தார். மாடுகள் விலை இருக்கும் இடத்துக்குத்தான் போகும் என்று மேலே சொன்னேன். பாதிஷாவின் பாளையத்தோடு விலையில் போட்டி போட எந்தக் கிராமத்தால் முடியும்?

அப்படியானால் தாராளமாகப் பணம் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஷாஜகான் முயன்று பார்த்தார். 1646இல் இந்துகுஷ் மலைக்கு அப்பால் பால்கைப் பிடித்தார்கள். இரண்டு ஆண்டில் நான்கு கோடி ரூபாய் செலவு, பிடித்த நாட்டின் வருமானம் இருபத்திரண்டரை லட்சம். கையில் வெள்ளி இருந்தது, வாங்கத்தான் ஒன்றும் இல்லை. அது மேய்ச்சல் நாடு, அங்கே தாண்டாக்கள் வருவதில்லை, உழவும் கொஞ்சம். புல் சேர்க்கப் போனவர்களை உஸ்பெக் குதிரைவீரர்கள் சுற்றிச் சுற்றி அடித்தார்கள். 1647 அக்டோபரில் அவுரங்கசீப் திரும்பியபோது பனிக்கு முன் மலையைத் தாண்டும் அவசரத்தில், சேர்த்து வைத்த ஐந்து லட்ச ரூபாய்த் தானியத்தையும் அங்கேயே விட்டார்கள். போரில் இறந்தவர்களைப்போலப் பத்து மடங்கு பேர் குளிரில் இறந்தார்கள்.

சந்தையை நம்பும் படை, சந்தை இருக்கும் நாட்டில்தான் வாழும். காந்தகாரை 1649, 1652, 1653 என்று மூன்று முறை முற்றுகையிட்டும் மீட்க முடியாமல் போனதில் பீரங்கிக் குறைகளோடு குளிரும் தீவனமும் சேர்ந்திருந்தன.

துருக்கியச் சுல்தான்கள் இதைவிட நன்றாகச் செய்தார்கள் என்கிறார்களே?

வேறு விதமாகச் செய்தார்கள். அந்தத் துருக்கியச் சுல்தான்களின் உதுமானிய அரசு படை போகும் வழியில் தங்குமிடம் தோறும் முன்கூட்டியே மாவும் பார்லியும் சேர்த்துவைத்தது. அதைக் கொண்டுவந்து குறித்த விலைக்குத் தருவது அந்தந்த வட்டாரத்து மக்களின் கடமை. தன்யூப் நதிப் படகுகளும் உதவின. சொந்த நாட்டுக்குள் இது அழகாக ஓடியது. எல்லையைத் தாண்டியதும் அவர்களும் மழைக்கும் குளிருக்கும் அடங்கினார்கள். 1529இல் சுலைமான் வியன்னாவை அடைந்தபோது பருவம் தப்பிவிட்டது, பெரும் பீரங்கிகள் சேற்றில் பின்தங்கிவிட்டன.

முகலாயப் பேரரசு சோறில்லாமல்தான் விழுந்தது என்று சொல்லிவிடலாமா?

அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டேன். ஜாகீர் பற்றாக்குறை, வாரிசுப் போர்கள், மாகாணங்கள் தனித்துப்போனது எல்லாம் உண்டு. ஆனால் தக்காணத்தில் இருபத்தைந்து ஆண்டு போர் நடத்திய பாளையம், தன்னைச் சுற்றியிருந்த உழவையும் சாலையையும் தானே தின்றுவிட்டது. வழியில் பாதுகாப்பு போனால் மாடு வராது, மாடு வராவிட்டால் விலை ஏறும், விலை ஏறினால் சம்பளம் போதாது, சம்பளம் போதாத வீரன் சாலையைக் காக்க மாட்டான். இந்தச் சுழலை அறுக்க அவுரங்கசீப்பிடம் வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, வடக்கே திரும்பிப் போவதைத் தவிர. அதை மட்டும் அவர் செய்யவில்லை. 1707இல் அகமதுநகரில் இறந்தார்.

ஆங்கிலேயர் வந்தபிறகு இந்தத் தொல்லை தீர்ந்ததா?

உடனே இல்லை. 1791 மே மாதம் கம்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போய், மாடுகள் செத்து, அரிசி தீர்ந்து, தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பும் வழியில் கூட்டாளிகளான மராத்தியரின் படை எதிர்ப்பட்டது. கம்பெனிச் சிப்பாய்களைப் பிழைக்கவைத்தது அந்தப் பாளையத்துக் கடைவீதி, விலை மட்டும் சூடு. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் போனபோது பஞ்சாராக்களைக் கைக்குள் போட்டுக்கொண்டு போனார். கம்பெனியின் படைத்தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லியும் 1799இலும் 1803இலும் அவர்களின் மாடுகளையே நம்பினார்.

பிறகு ரயில் வந்தது. தாண்டாக்களுக்குச் சுமை குறைந்தது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பல மாகாணங்களில் பஞ்சாராக்களையும் பட்டியலில் சேர்த்தது. இரண்டு நூற்றாண்டு எல்லாப் படைகளும் வழி விட்ட மக்கள், ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகக் காவல்நிலையத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று.